வேலையில் இருப்பவரை வேலை தேடும் வகுப்பிலிருந்து விடுவிக்கக் கோரல்

அனுப்புநர்:
திருமதி மங்கையற்கரசி ஜெயரட்ணம்,
உரிமையாளர், அரசி சமையற்கூடம்,
அலகு 14, மோர்னிங்சைட், ஸ்காபரோ, ரொறன்ரோ.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
விடுதலைக்குப் பிந்திய ஆயத்தப் பணிமனை,
ரொறன்ரோ கிழக்கு வலயம்.

விடயம்: எனது சமையற்கூடத்தில் முழுநேர வேலை செய்யும் திரு. கோகுலன் வீரக்குட்டி அவர்களை, வேலை தேடுவது எப்படி என்னும் வகுப்பை முதலாம் கிழமையிலிருந்து மறுபடி படிக்கும்படி பணித்தமை பற்றிய முறைப்பாடு.

தொடர்பு: தங்கள் 14.03.2025 திகதிய கடிதம்.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி அவர்களுக்கு,

(தங்கள் கடிதத்தில் ஒப்பம் மட்டுமே இருந்தது. அதை என்னாலும், என்னிடம் வேலை செய்பவர்களாலும் வாசிக்க முடியவில்லை. தவறாக விளித்திருந்தால் பொறுத்தருள வேண்டும்.)

1. தங்கள் பணிமனையின் துண்டுப்பிரசுரத்தில் "உங்கள் சொந்த மொழியில் எங்களுக்கு எழுதலாம்" என்று தமிழில் அச்சிடப்பட்டுள்ளது. அதை நம்பியே இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். அதே பிரசுரத்தின் தலைப்பு "கைதிகளை வெற்றிகரமாகத் திருப்பி அனுப்புதல்" என்று இருந்தது. கைதிகள் சமூகத்துக்குத் திரும்பி வருவதற்கு உதவுதல் என்பதைத்தான் மொழிபெயர்த்தவர் அவசரத்தில் இப்படிப் போட்டுவிட்டார் என்று அப்போது நினைத்தேன். கடந்த ஐந்து மாத அனுபவத்தின் பின், மொழிபெயர்த்தவர் விடயம் தெரிந்தவராகவும் இருக்கலாம் என்று எண்ணத் தலைப்பட்டுள்ளேன்.

2. நான் பத்தொன்பது வருடங்களாக மோர்னிங்சைட்டில் சமையற்கூடம் நடத்துகிறேன். இடியப்பம், பிட்டு, சோறு கறி எல்லாம் செய்து வீடுகளுக்கும் விசேடங்களுக்கும் கொடுக்கிறோம். என்னிடம் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் அன்ரனெற் அம்மா, மரக்கறி வெட்டுபவர். மற்றவர் கோணேஸ்வரன், சாப்பாடு கொண்டுபோகும் வான் வண்டியை ஓட்டுபவர். மூன்றாமவரே இம்மனுவுக்குரிய கோகுலன். நான் இரக்க குணத்துக்குப் பேர்போனவள் அல்ல. என்னிடம் வேலை செய்துவிட்டுப் போனவர்கள் எவரிடமும் இதை விசாரித்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். கோகுலனை வேலைக்கு எடுத்தது தருமத்துக்காக அல்ல. காலை ஆறரைக்கு வந்து, நாற்பது கிலோ மாவைக் குழைத்து, பின்னேரம் இரண்டரை வரை நின்ற நிலையில் வேலை செய்யக்கூடிய ஆள் இந்த நகரத்தில் எனக்கு இரண்டு வருடமாகக் கிடைக்கவில்லை.

3. அவர் எனக்கு அறிமுகமானது கடிதம் மூலம். சென்ற வருடம் ஆகஸ்ற் மாதம், விடுதலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலத்தில், சிறையிலிருந்து முப்பத்தொரு தமிழ்க் கடைகளுக்கு எழுதியிருக்கிறார். ஒன்பது வயதில் மட்டக்களப்பிலிருந்து இங்கே வந்தவர் என்பதால் அவருடைய தமிழ் எழுத்தும் ஒன்பது வயதிலேயே நின்றுவிட்டது. கடிதத்தின் முதல் வரி இது: "நான் குடிச்சுப்போட்டுக் கார் ஓடி ஒரு மனிசனைச் சாக்காட்டினனான். அதுக்கு ஆறு வருசம்." இரண்டாம் வரியில், சிறைச் சமையலறையில் நாலு வருடமாக முந்நூறு பேருக்குச் சமைப்பதாக எழுதியிருந்தார். மூன்றாம் வரி: "இடியப்பம் அவிக்கத் தெரியாது. பழகுவன்."

என் பத்தொன்பது வருட அனுபவத்தில் தன் குறையை முதல் வரியில் எழுதிய விண்ணப்பம் அது ஒன்றுதான். மற்ற விண்ணப்பதாரர்கள் தங்கள் குறைகளை மூன்றாம் மாதத்தில்தான் தெரியப்படுத்துவார்கள். அன்றைக்கே பதில் எழுதினேன். முப்பத்தொரு பேரில் பதில் எழுதியது நான் ஒருத்தி என்பது பின்னர்தான் தெரிந்தது.

4. அவர் செய்த குற்றத்தை நான் இங்கே குறைத்துச் சொல்லப்போவதில்லை. இறந்தவருக்கு நாற்பத்தாறு வயது. வேலை முடிந்து வீட்டுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்றவர். அவருடைய குடும்பத்துக்கு இம்மனு எந்த ஆறுதலையும் தராது என்பதை அறிவேன். கோகுலனும் அறிவார். அவர் எங்கள் வானில் ஒருநாளும் முன் இருக்கையில் அமர்வதில்லை. பின்னால், சட்டிகளுக்கும் சோற்றுப் பெட்டிகளுக்கும் நடுவே குந்திக்கொண்டு வருவார். முதுகு நோகுமே, முன்னுக்கு வந்திருக்கலாமே என்று கோணேஸ்வரன் ஒருநாள் சொன்னதற்கு அவர் சொன்ன பதில்: "முன்னுக்கு இருந்தா றோட்டுத் தெரியுது அண்ணை." அதற்குப் பிறகு கோணேஸ்வரன் சட்டிகளைக் கொஞ்சம் தள்ளி அடுக்கி, பின்னால் ஒரு மெத்தைத் துண்டைப் போட்டுவைத்தார்.

5. 2024 நவம்பர் 4ஆம் திகதி வேலைக்கு வந்தார். சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே தாங்கள் நடத்தும் தங்கல் இல்லத்தில் இரவில் தங்கி, காலையில் பஸ் எடுத்து வருவார். அவருடைய பரோல் உத்தியோகத்தர் நேரில் வந்து எனது சமையற்கூடத்தைப் பார்த்து, நல்ல இடம் என்று ஒப்புதல் தந்து, மூன்று மட்டன் ரோல்ஸும் சாப்பிட்டுச் சென்றார்.

உண்மையைச் சொல்வதானால் நானும் முதலில் நம்பவில்லை. ஒவ்வொரு காலையும் அடுப்பைப் பார்ப்பது போலக் கிட்டப் போய், குடித்த மணம் வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன். அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிழமை போனபின் ஒருநாள் காலை, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னரே நேராக என் முன்னால் வந்து நின்று, வாயைத் திறந்து ஊதினார். "பாருங்கோ அன்ரி. பாத்திட்டீங்களெண்டா வேலையைத் தொடங்குவம்." அன்று அன்ரனெற் அம்மா சிரித்த சிரிப்பில் விரலை வெட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் மணந்து பார்க்கவில்லை. மார்கழி முடிவதற்குள் அவருடைய இடியப்பம் என்னுடையதை விட மெல்லிசாக வந்தது என்பதையும், அது எனக்குப் பெரிய சந்தோசத்தைத் தரவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

6. இவ்வாறு எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஒருவர் சமூகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நிலையில்தான், அவரை அதற்கு ஆயத்தம் செய்யும்படி தங்கள் பணிமனை உத்தரவிட்டது.

7. உத்தரவு இது: தங்கள் ஒப்பந்தத்தில் இயங்கும் முன்வாசல் ஆயத்த நிலையத்தில், "வேலை தேடும் ஆற்றல்" என்ற பத்துக் கிழமை வகுப்பில், ஜனவரி 13 முதல், திங்கள் தொடக்கம் வியாழன் வரை, காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை அவர் கட்டாயம் சமுகமளிக்க வேண்டும். மூன்று முறை வராவிட்டால் அது விடுதலை நிபந்தனையை மீறியதாகும். இந்த வகுப்பு சிறைக்குள்ளேயே நடந்திருக்க வேண்டியது. அங்கே அவருடைய பெயர் இரண்டு வருடமாக வரிசையில் இருந்திருக்கிறது. வரிசை நகர்ந்து முறை வந்தபோது ஆள் வெளியே வந்துவிட்டார்.

8. நிலையத்தின் இணைப்பாளர் திரு. கிளிபோட் அவர்களை உடனே தொலைபேசியில் அழைத்தேன். மன்னாரைச் சேர்ந்தவர், தங்கமான பிள்ளை. நான் எத்தனை தரம் எடுத்தாலும் கோபிக்காமல் பதில் சொன்னவர். அவர் மீது எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். அன்றைய உரையாடல் ஏறத்தாழ இது:

"தம்பி, அவன் வேலை செய்யிறானே. பிறகென்னத்துக்கு வேலை தேடப் பழக வேணும்?"

"எனக்கு விளங்குது அன்ரி. ஆனா கொம்பியூட்டரில அவர் வேலையில்லாதவர் எண்டுதான் கிடக்குது."

"அதை மாத்திவிடுங்கோவன்."

"மாத்தலாம். வேலையில் உள்ளவர் எண்டு ஒரு பெட்டி இருக்குது. வகுப்பு முடிச்ச ஆக்களுக்குத்தான் அது திறக்கும்."

"அப்ப வேலை கிடைச்ச ஆள் வேலையை விட்டிட்டு வந்து, வேலை எடுக்கிறது எப்பிடியெண்டு படிச்சு முடிச்சால்தான், வேலை கிடைச்ச ஆளெண்டு எழுதுவியள்."

மறுமுனையில் கிளிபோட் கொம்பியூட்டரில் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க சொல்லேக்க பிழை மாதிரித்தான் இருக்குது அன்ரி" என்றார்.

9. நிலையம் அமைந்துள்ள இடம் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஸ்ரௌவ்வில்லில், புதிதாகக் கட்டிய வீடுகளையும் தாண்டி, ஒரு வெட்டைவெளிக்கு நடுவே இருக்கிறது. வாகனத் தரிப்பிடம் மிக விசாலமானது. கடைசி பஸ் தரிப்பிலிருந்து ஐம்பது நிமிடம் நடக்க வேண்டும். வகுப்பில் இருந்த பதினாறு பேரில் ஏழு பேர் வாகனம் ஓட்ட நீதிமன்றத்தால் தடைசெய்யப்பட்டவர்கள். எனவே நாள்தோறும் காலை எட்டு நாற்பதுக்கு கோணேஸ்வரன் கோகுலனை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்து, பன்னிரண்டு மணிக்கு மறுபடி போய் ஏற்றிவந்தார். மதியச் சாப்பாடு அடுப்பில் இருக்கும் நேரத்தில் எனது சமையற்காரரும் இல்லை, வானும் இல்லை.

10. வகுப்பில் நடந்ததை அவர் அதிகம் சொல்ல மாட்டார். ஒருநாள் மட்டும் ஒரு தாளை மேசையில் வைத்தார். பயிற்றுநர் செல்வி செரீனா, வேலை கேட்டு எழுதிய கடிதம் ஒன்றைக் கொண்டுவரும்படி கேட்டிருக்கிறார். கோகுலன் எனக்கு எழுதிய கடிதத்தையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பத்துக்கு நாலு புள்ளி. சிவப்பு மையில், "இப்படி எழுதினால் எவரும் வேலை தர மாட்டார்கள்" என்று குறிப்பு.

வேலை தந்த அந்த "எவர்" என்ற முறையில் இக்குறிப்பு என்னைச் சற்றுப் புண்படுத்தியது. திருத்தி எழுதும்படி செல்வி செரீனா கொடுத்த மாதிரி வாசகம் இது: "நிறுவனம் சார்ந்த பாரிய உணவுத் தயாரிப்புச் சூழலில், வெளியுலகக் கவனச்சிதறல்கள் ஏதுமின்றி, நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பணியாற்றியவர்." மிக அழகான வாசகம். அப்படி ஒரு கடிதம் எனக்கு வந்திருந்தால், இவர் எதையோ மறைக்கிறார் என்று குப்பையில் போட்டிருப்பேன்.

11. ஜனவரி 30ஆம் திகதி நிலையத்தில் "முதலாளிகள் தினம்" நடந்தது. சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கும் முன்மாதிரி முதலாளி என்று என்னைப் பேச அழைத்தார்கள். போனேன். அப்படிப்பட்டவர்களுக்கு வேலை கொடுப்பதன் நன்மைகளைப் பதினாறு பேர் முன்னிலையில் இருபது நிமிடம் எடுத்துரைத்தேன். நான் வேலை கொடுத்தவர் முதல் வரிசையில் இருந்து குறிப்பெடுத்தார். அவர் செய்ய வேண்டிய பருப்பு அந்நேரம் மோர்னிங்சைட்டில் ஊறிக்கொண்டிருந்தது.

தொடர்ந்து மாதிரி நேர்முகத் தேர்வு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தவர் கோகுலன். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர் என்று நான் தாளைப் பார்த்துக் கேட்டதற்கு, "அன்ரி, அங்க ஆர் அடுப்பைப் பாக்கினம்?" என்று கேட்டார். நான் முழுப்புள்ளி போட்டேன். கண்ணைப் பார்த்துக் கதைக்கவில்லை, கேள்விக்குக் கேள்வியால் பதில் சொன்னார் என்று செல்வி செரீனா இரண்டு புள்ளி குறைத்தார். முடிவில் எனக்கு ஒரு பாராட்டுக் கேடயம் தந்தார்கள். அதை இத்துடன் இணைத்துத் திருப்பி அனுப்புகிறேன். வேறு முதலாளி எவருக்காவது பயன்படக்கூடும். பெயரை நன்றாகச் சுரண்டி எடுக்கலாம்.

12. வராத நாட்கள் எனத் தாங்கள் குறிப்பிட்ட மூன்றுக்கும் விளக்கம் தருகிறேன்.

முதலாவது, ஜனவரி 22. இரவு கொட்டிய பனியில் எங்கள் வான் புதைந்துவிட்டது. கோகுலன் பஸ்ஸில் போய், மிச்சத்தைப் பனிக்குள் நடந்து, ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கால் மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் கதவு திறக்கப்படாது என்பது விதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அவருக்குக் கை காட்டியிருக்கிறார்கள். வரவில்லை என்று பதியப்பட்டது.

இரண்டாவது, பெப்ரவரி 4. அன்று காலை பத்து மணிக்கு, வகுப்பில் அவருடைய முன்னேற்றம் எப்படி என்று விசாரிப்பதற்காகத் தங்கள் பணிமனையே அவரைக் கூப்பிட்டிருந்தது.

13. மூன்றாவது, பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

அன்று ஒரு துக்கவீட்டில் முப்பத்தோராம் நாள் கடமைக்கு நூற்றெண்பது பேருக்கு மதியச் சாப்பாடு ஒப்புக்கொண்டிருந்தோம். காலை எட்டு மணிக்குச் சற்று முன், கொதித்துக்கொண்டிருந்த சாம்பார்ச் சட்டியை இறக்கும்போது எனக்குக் கால் வழுக்கியது. சட்டி என் இடது கையில் முழங்கை வரை கவிழ்ந்தது. நான் கத்தினேன் என்று அன்ரனெற் அம்மா சொல்கிறார். எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருப்பது, கோகுலன் அடுப்பை அணைத்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயடியில் இருத்தி, கையைப் பிடித்துத் தண்ணீரில் வைத்திருந்தது. சட்டைக் கையை வெட்டினார். வளையல்களைக் கழற்றினார். நான் கையை இழுக்க இழுக்க விடவில்லை. "இருபது நிமிசம் அன்ரி. மணிக்கூட்டைப் பாருங்கோ. என்னைப் பேசுங்கோ, ஆனா கையை எடுக்காதேங்கோ." நானும் நன்றாகப் பேசினேன். இங்கே எழுத முடியாத சொற்களும் அதில் இருந்தன.

அம்புலன்ஸ் வந்தது. அன்ரனெற் அம்மாவை என்னுடன் ஏற்றி அனுப்பினார். தண்ணீரில் அத்தனை நேரம் பிடித்திருக்காவிட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டி வந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இந்த முதலுதவியை கோகுலனுக்குக் கற்றுக்கொடுத்தது தங்கள் துறையே. சிறைச் சமையலறையில், ஒரு நல்ல சமையல் ஆசிரியர் கற்பித்திருக்கிறார். அதற்கு என் மனமார்ந்த நன்றியை இவ்விடத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். தங்கள் ஆயத்தங்களில் ஒன்று முழு வெற்றி பெற்றது என்பதற்கு எனது கையே சான்று.

14. பிறகு அவர் தனியே நின்று நூற்றெண்பது பேருக்கும் சமைத்து முடித்தார். பதினொன்றரைக்கு கோணேஸ்வரன் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு போனார். துக்கவீட்டார் சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை. இத்தனைக்கும் நடுவில், காலை ஒன்பது பத்துக்கும், ஒன்பது இருபதுக்கும், பத்து மணிக்கும் கோகுலன் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். சமையற்கூடத் தொலைபேசியின் பதிவை இணைத்துள்ளேன். இதுபற்றி கிளிபோட் அவர்கள் பின்னர் எனக்குச் சொன்ன விளக்கம்: "கோல் வந்தது உண்மை அன்ரி. ஆனா வொயிஸ்மெயில் நிரம்பிப்போச்சுது. மெசேஜ் பதியாட்டி அறிவிச்சதாக் கணக்கில்லை." அன்றைய வகுப்பின் தலைப்பை நான் பிறகுதான் பாடத்திட்டத்தில் பார்த்தேன். "பணியிடத்தில் நெருக்கடி ஏற்பட்டால் எவ்வாறு நடந்துகொள்வது." அதில் அவருக்குப் பூச்சியம்.

15. மறுநாள் காலை கையில் கட்டுடன் சமையற்கூடத்துக்குப் போனேன். ஏழு ஐம்பதுக்கு இரண்டு பொலிஸ் உத்தியோகத்தர்கள் வந்தார்கள். மரியாதையானவர்கள், சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். மூன்று முறை வகுப்புக்கு வராதபடியால் நிபந்தனை விடுதலை இடைநிறுத்தப்பட்டுள்ளது, கூட்டிச்செல்ல வேண்டும் என்றார்கள். கோகுலன், சோற்றை வடித்துவிட்டு வரலாமா என்று மட்டும் கேட்டார். விட்டார்கள். வடித்தார். ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து மேசையில் வைத்தார். வாசலுக்குப் போனவர் திரும்பி, "அன்ரி, சம்பலுக்கு இன்னும் உப்புப் போடேல்ல" என்றார்.

நான் அந்த உத்தியோகத்தர்களிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உப்புப் போட்டேன். அதுதான் அன்று நான் செய்தது.

16. இருபத்தேழு நாட்கள் அவரைத் தடுத்துவைத்திருந்தீர்கள். அந்த நாட்களில் நான் தங்கள் பணிமனைக்கு நாலு கடிதம் எழுதினேன். மார்க்கம் நகரிலிருக்கும் ஒரு வாடிக்கையாளர், உங்களிடம் வேலை செய்தவனைப் பொலிஸ் பிடித்ததாமே, உவன் கை பட்டதையா நாங்கள் சாப்பிட்டோம் என்று கேட்டுத் தன் மகளின் சடங்குச் சாப்பாட்டை வேறு இடத்துக்கு மாற்றினார். என்ன களவு, யாரை வெட்டினான் என்று வேறு பலரும் கேட்டார்கள். வகுப்புக்குப் போகவில்லை, அதற்காகத்தான் பிடித்தார்கள் என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அவர்களிலும் பிழையில்லை. நானே கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

17. மார்ச் 11ஆம் திகதி விசாரணை நடந்தது. மருத்துவரின் கடிதத்தையும் எனது கையையும் பார்த்தபின், இடைநிறுத்தம் நீக்கப்பட்டது. விசாரித்தவர்கள் நியாயமாக நடந்தார்கள். ஒருவர் எழுந்து கோகுலனின் கையைக் குலுக்கினார். இத்துடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணினோம். மறுநாள் காலை ஆறரைக்கு அவர் வேலைக்கு வந்துவிட்டார்.

18. அதன்பின்பே தங்கள் 14ஆம் திகதிக் கடிதம் வந்தது. "கோகுலனின் வெற்றியே எமது வெற்றி" என்று தொடங்கும் அக்கடிதத்தில், பெப்ரவரி 12 முதல் மார்ச் 11 வரை அவர் மேலும் பதினைந்து வகுப்புகளுக்கு வரவில்லை என்றும், இவ்வளவு வரவின்மையுடன் சான்றிதழ் வழங்க விதியில்லை என்றும், எனவே மார்ச் 24 திங்கட்கிழமை ஆரம்பிக்கும் புதிய வகுப்பில் முதலாம் கிழமையிலிருந்து அவர் சேர வேண்டும் என்றும் தெரிவித்துள்ளீர்கள். அந்தப் பதினைந்து நாட்களும் அவர் எங்கே இருந்தார் என்பது தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சாவி தங்களிடம்தான் இருந்தது. பெப்ரவரி 17 குடும்ப தின விடுமுறை என்பதால் அன்று வராததை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை என அடிக்குறிப்பில் காட்டியுள்ளீர்கள். இந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

19. கடிதத்தை வாசித்துக் காட்டியபோது கோகுலன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பயமிருக்காது. நேற்று, செவ்வாய்க்கிழமை, மாவு குழைத்துக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகக் கதைப்பது போலச் சொன்னார். நிபந்தனை விடுதலை வேண்டாம் என்று தானே எழுதிக் கொடுக்கலாமாம். அதற்கு ஒரு படிவம் இருக்கிறதாம். கையெழுத்து வைத்தால் உள்ளே திரும்பிப் போய் மிச்சம் பதினாறு மாதத்தையும் முடித்துவிட்டு, எந்த வகுப்பும் இல்லாமல் வெளியே வரலாமாம்.

"விசரே உனக்கு" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. உள்ளுக்கு எனக்கு வேலை இருந்தது. காலமை ஆறு மணிக்கு அடுப்பைப் பத்த வைப்பன். ஒருத்தரும் வந்து, நீ வேலையில்லாதவன் எண்டு சொல்லேல்ல."

இதற்குத் தங்களிடம் பதில் இருந்தால் அறியத் தரவும். சிறையை விட்டு வெளியே வர ஒருவரை ஆயத்தம் செய்யும் பணிமனை, ஐந்தே மாதத்தில் அவரைத் தானாகவே சிறைக்குத் திரும்பிப் போக ஆயத்தம் செய்திருக்கிறது. இதைவிடத் திறமையான பயிற்சியை நான் கேள்விப்பட்டதில்லை.

20. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன இவை. கோகுலன் வீரக்குட்டி என்ற பெயருக்கு எதிரே உள்ள "வேலையில்லாதவர்" என்ற சொல்லை நீக்கி "வேலையில் உள்ளவர்" என்று மாற்ற வேண்டும். பெட்டி திறக்காவிட்டால் அதைத் திறக்கக்கூடிய ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். 24ஆம் திகதி வகுப்பிலிருந்து அவரை எழுத்து மூலம் விடுவிக்க வேண்டும். வகுப்பு உண்மையில் தேவைப்படுபவர்கள், வேலை இல்லாமல், உள்ளே வரிசையில் இன்னும் காத்திருக்கிறார்கள் என்று கோகுலன் சொல்கிறார். அவருடைய இடத்தை அவர்களில் ஒருவருக்குக் கொடுக்கலாம். அப்படி ஒருவர் படித்து முடித்து வந்தால் என்னிடம் அனுப்புங்கள். எனக்கு இன்னும் ஓர் ஆள் தேவைப்படுகிறது. கடிதம் மட்டும் செல்வி செரீனா திருத்தாததாக இருக்கட்டும். அத்துடன் நிலையத்தின் தொலைபேசியில் நிரம்பிக் கிடக்கும் செய்திகளை யாராவது ஒருமுறை கேட்க வேண்டும். அவற்றில் என்னுடையதும் பல உண்டு.

21. காலம் குறைவாக உள்ளது என்பதையும் தெரிவிக்க வேண்டும். தங்கல் இல்லத்தில் அந்தப் படிவத்தை வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் கொடுக்க வேண்டுமாம். இன்று காலை அதை நிரப்பி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒப்பம் மட்டும் போடவில்லை. பத்து மணியளவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அன்ரி, ஒரு பேனை தாறீங்களோ?" என்று கேட்டார். சமையற்கூடத்தில் பேனை இல்லை, வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் போய் மாவைக் குழைக்கத் தொடங்கினார். இங்கே நாலு பேனைகள் இருக்கின்றன. மூன்றை என் கைப்பைக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறேன். நாலாவதால் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னால் இவ்வளவுதான் செய்ய முடியும். மிச்சத்தைத் தாங்கள் செய்ய வேண்டும்.

இடம்: மோர்னிங்சைட், ரொறன்ரோ
திகதி: 19.03.2025

தங்கள் பதிலை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முன் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
மங்கையற்கரசி ஜெயரட்ணம்